பையைச் சோதித்தோம், பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான்: எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு மாவட்டங்களில் விசைத்தறியை நம்பி வாழும் ஒரு சின்ன ஊர். ஆறிலிருந்து பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. 2023 ஜூனில் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை, அறிவியலும் நான்தான். வகுப்பில் 41 பேர்: பையன்கள் 23, பெண்கள் 18. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இருவருமோ தறிக்குப் போகிறவர்கள்.

இந்த ஊரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே இருந்தும் எங்களுக்கு அது நாலு மாதம் கழித்துத்தான் உறைத்தது. தறிக்குடோனுக்குள் யாரும் பீடி பற்றவைக்க முடியாது. நூலும் பஞ்சுத் தூசியும் பறக்கிற இடம், ஒரு பொறி போதும். ராத்திரி ஷிஃப்ட் என்றால் மாலை ஆறு மணிக்கு உள்ளே போனவர் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். தூக்கம் வராமலிருக்கப் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்வது வழக்கம். அதனால் எங்கள் பிள்ளைகள் புகையிலையை முதன்முதலில் பார்ப்பது கெட்ட சகவாசத்திலோ சினிமாவிலோ அல்ல, அப்பாவின் சட்டைப் பையில்.

அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலில் கண்ணில் பட்டவை

ஜூலை முதல் வாரம். வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பையன் மட்டும் "உள்ளேன் டீச்சர்" என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டான், கையைத் தூக்கிக்கொண்டு "ம்" என்பான். கூச்சம் என்று நினைத்தேன். இடைவேளை முடிந்து வரும்போது அவன் பெஞ்சுப் பக்கம் புதினா மிட்டாய் வாசனை அடிக்கும். விளையாட்டுப் பாட வேளையில் இரண்டு முறை தலை சுற்றி வாந்தி எடுத்தான். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருப்பான் என்று நானே பன் வாங்கிக் கொடுத்தேன். அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, ஆறாம் வகுப்பிலிருந்து காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது சத்துணவு வேளையில்தான். குழாயடியில் உட்கார்ந்து, தட்டில் ஊற்றிய சாம்பாரைத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டிவிட்டு, வெறும் சோற்றையும் முட்டையையும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் என்றேன். "எரியுதுங்க டீச்சர்." வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம், பல் ஈறுக்கு எதிரே, தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது, தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல் நுனி போல.

அன்றைக்குச் சாயங்காலம் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நகம் அளவுக்கு வெள்ளைப் பைகள், பிழிந்த டீ பேக் மாதிரி, ஏழெட்டுக் கிடந்தன. புகையிலை அடைத்த இந்தப் பையைப் பையன்கள் 'லிப்' என்கிறார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துவிட்டால் புகை இல்லை, பீடி நாற்றம் இல்லை, ஓயாமல் துப்பவும் வேண்டாம். முன் பெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. தலைசுற்றலும் வாந்தியும் பழகாத உடம்பில் நிகோடின் காட்டும் முதல் வேலை, அறிவியல் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் முதலில் எடுத்த முடிவு

ஆசிரியர் கூட்டத்தில் பேசினோம். எல்லோருக்கும் கோபம், பயம். நாளைக்குப் பெரிதாகிப் பெயர் கெட்டால் என்ன செய்வது என்ற கவலை. பைகளைச் சோதிப்பது, சிக்கியவனின் பெற்றோரைக் கூப்பிடுவது, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது என்று முடிவானது. நானும் ஒப்புக்கொண்டேன்.

ஜூலை கடைசி வாரத்தில் சொல்லாமல் போய்ச் சோதித்தோம், பையன்களின் பைகளை மட்டும். அந்தப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் மூன்று லிப் பைகள் இருந்தன. மறுநாள் அப்பா வந்தார், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்காத கண்ணோடு. "டிசி வாங்கிட்டுப் போங்க" என்று அலுவலக அறையில் சொல்லப்பட்டதும், எங்கள் முன்னாலேயே மகனை அறைந்தார். யாரும் சட்டென்று தடுக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது, மனத்துன்பம் தரும் தண்டனைக்கும் அதில் தடை இருக்கிறது. கொடுக்கவே முடியாத ஒரு டிசியைக் காட்டி ஒரு குடும்பத்தை மிரட்டினோம் என்பதை இங்கே பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

ஆகஸ்டில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வாய்ப் புற்றுநோய் வந்த முகங்களைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். பேச வந்தவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் பேசினார். அந்த அக்கறையில் என்னென்னவற்றை எப்படியெல்லாம் மோந்து பார்க்கிறார்கள், பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் என்று பட்டியலும் போட்டார். படங்களைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போனாள். அவள் தாத்தா அந்த நோயில்தான் இறந்திருந்தார்.

அதன்பின் நடந்தது

பையன் 11 பள்ளி நாட்கள் வரவில்லை. அவனைப் போலவே பயன்படுத்திக்கொண்டிருந்த மற்றவர்கள் எச்சரிக்கையாகிவிட்டார்கள், லிப் பைகள் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காலுறைக்கு இடம் மாறின. கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் கிடந்தது சுவருக்கு அந்தப் பக்கம் போனது. குறைந்ததாக எந்த அடையாளமும் இல்லை.

அதைவிடக் கவலை தந்தது ஆகஸ்ட் கடைசி. எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பஞ்சர் பசை டியூபோடு இருந்ததை விளையாட்டு ஆசிரியர் பார்த்தார். கூட்டத்தில் கேட்டுத்தான் முயற்சி செய்ததாக அதில் ஒருவன் சொன்னான். அது முழு உண்மையா என்று தெரியாது, ஆனால் நம்பாமல் இருக்கவும் எனக்குக் காரணம் இல்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் மோந்து பார்க்கும் பொருட்கள் மட்டும்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. கையில் எளிதாகக் கிடைக்கிறது, கடையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்ட பொருளின் பெயரை 12 வயதுப் பிள்ளைகளுக்கு மேடை போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

இந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பயமுறுத்துவதும் தகவல் சொல்வதும் மட்டும் வேலை செய்யாது என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்துச் சீருடைப் போலீஸ்காரர்களை வகுப்பறைக்கு அனுப்பிய பெரிய திட்டத்தையும் ஆராய்ந்து பார்த்து, பிள்ளைகளின் பழக்கத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே நல்ல முன்னுதாரணம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். 2004 முதல் 2006 வரை சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டம் நடந்திருக்கிறது. மாணவர்களே வழிநடத்தும் வகுப்பு நடவடிக்கைகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டை. இரண்டு வருட முடிவில் திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியிருந்தது, நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது.

சீட்டு

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு, ஒரே மாதிரி பென்சில். பெயர் வேண்டாம், பெரிய எழுத்தில் எழுத வேண்டும், மடித்துக் காலி சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கேள்வி நாலு: எப்போதாவது வாயில் வைத்ததுண்டா, போன 30 நாளில் உண்டா, எங்கே எப்போது, அப்புறம் நம் வகுப்பில் எத்தனை பேர் வைக்கிறார்கள் என்று நினைக்கிறாய்.

41 சீட்டில் எப்போதாவது வைத்தவர்கள் 9. போன மாதம் வைத்தவர்கள் 5. ஆனால் "எத்தனை பேர்" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 20, 25, 30 என்று எழுதியிருந்தார்கள். அஞ்சே அஞ்சு பேர் செய்வதை வகுப்பே செய்வதாகப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பைச் சோதனையும் விழிப்புணர்வுக் கூட்டமும் அந்த நம்பிக்கையைக் கூட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால் எல்லோரும் செய்கிறார்கள் என்றுதானே ஒரு பிள்ளைக்குத் தோன்றும்?

"எங்கே எப்போது" என்ற கேள்விக்கு வந்த பதில்களை இன்றும் வைத்திருக்கிறேன். "தறிக்குடோன்ல, தார் சுத்தும்போது." (தார் என்றால் தறியின் ஊடு நூலுக்காகக் குச்சியில் சுற்றும் நூல்.) "அப்பா வாங்கியாரச் சொல்லுவாரு, அதுல ஒண்ணு எடுப்பேன்." "ஸ்கூல் விட்டு வீட்டுல யாரும் இல்லாதப்ப." ஒரு சீட்டில் "வெச்சா பசிக்காது" என்று மட்டும் இருந்தது. இன்னொன்று, "அம்மா பல்லு வலிக்குப் புகையிலை வெப்பாங்க, நானும் வெச்சேன்." கையெழுத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். ஆனாலும் 'மாதவிடாய் வலிக்கும்' என்று சேர்த்து எழுதியிருந்ததால் அது ஒரு பெண் என்று தெரிந்துவிட்டது. நாங்கள் பெண்களின் பையைத் தொடவே இல்லை, அவர்களைப் பற்றி யோசிக்கவும் இல்லை. 2019இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் பையன்கள் 9.6 சதவீதம், பெண்கள் 7.4. வித்தியாசம் அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

தலைமை ஆசிரியரிடம் சீட்டுகளைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பைச் சோதனையை நிறுத்திடலாம், அப்புறம் என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்றார். தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்பதைக் காலை வழிபாட்டில் அவரே அறிவித்தார்.

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்: 41 பேரில் 36 பேர் போன மாதம் தொடவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப எல்லாரும் போடறாங்கன்னு சொன்னது பொய்யா டீச்சர்?" என்று கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, பலகையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையை 12 வாரத்துக்கு எடுத்துக்கொண்டோம். வழிநடத்தும் ஆறு பேரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பிள்ளைகளே எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் பொறுக்கியிருந்தால் முதல் ரேங்க் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், அவர்கள் சொல்வதைப் பின் பெஞ்ச் கேட்டிருக்காது. ஐம்பது வயதில் வரும் நோயைப் பற்றிப் பேசுவதைக் குறைத்தோம். இந்த வாரம் சாம்பார் ஏன் எரிகிறது, கபடியில் ஏன் மூச்சு நிற்கவில்லை, ஒரு மாதத்தில் எவ்வளவு காசு போகிறது, இவ்வளவுதான் பேசினோம்.

நண்பன் நீட்டினால் எப்படி மறுப்பது என்று நடித்துப் பார்க்கும் பயிற்சியும் இருந்தது. புத்தகங்களில் இதை எளிதாக எழுதிவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அப்பாவே வாங்கிட்டு வான்னு சொன்னா என்னங்க டீச்சர் சொல்றது?" என்று கேட்டாள். நம் வீடுகளில் அப்பாவிடம் 'மாட்டேன்' என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாது, சொல்லிப் பழகு என்று நான் சொல்லிக்கொடுத்தால் அடிதான் விழும். இரண்டு வாரம் இதிலேயே நின்றோம். கடைசியில் வழி கண்டுபிடித்தது பிள்ளைகள்தான்: "கடைக்காரர் எங்களுக்குத் தர மாட்டேங்கறாருப்பா." மறுப்பு பிள்ளையின் வாயிலிருந்து வராமல் கடையிலிருந்து வந்தால் வீட்டில் சண்டை இல்லை. அப்படியென்றால் கடைக்காரர் உண்மையிலேயே தராமல் இருக்க வேண்டும்.

கடை

2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே யாருக்கும் புகையிலை விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை: மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விளையாட்டு ஆசிரியரின் டேப்பை வைத்துப் பள்ளி கேட்டிலிருந்து பிள்ளைகளோடு அளந்தோம். கடை 70 மீட்டருக்குள் இருந்தது.

உடனே புகார் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு மாணவனின் அம்மா, அவரும் தறிக்குப் போகிறவர். "முதல்ல நான் போய்ப் பேசறேனுங்க" என்றார். நானும் கூடப் போனேன். "அண்ணா, உங்க பேத்தியும் இங்கதானுங்க ஆறாவது படிக்குது. அது கையில யாராச்சும் இதைக் குடுத்தா நீங்க விடுவீங்களா?" என்றார், சட்டம் எதுவும் பேசவில்லை. கடைக்காரர் தலையை ஆட்டினார், பத்து நாள் விற்கவில்லை, பிறகு மறுபடி ஆரம்பித்தார். அப்புறம்தான் எழுத்தில் புகார் கொடுத்தோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து சோதித்தார், சரக்கு போனது. 100 கெஜ எல்லையைக் காட்டச் சாலையில் மஞ்சள் கோடும் போட்டோம். அந்தக் கடை நின்றது. கோட்டைத் தாண்டி இன்னொரு கடையில் கிடைக்கிறது என்று பிள்ளைகளே பிறகு சொன்னார்கள். ஆனாலும் "கடையில் தர மாட்டேங்கறாங்க" என்று சொல்ல இப்போது ஒரு கடை இருந்தது.

அந்தப் பையனும் அவன் அப்பாவும்

ஆகஸ்டில் பையனைத் திரும்பக் கூட்டிவர நானும் தமிழ் ஐயாவும் வீட்டுக்குப் போயிருந்தோம். அப்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், பையன் தார் சுற்றிக்கொண்டிருந்தான். அம்மாவிடம் பள்ளியின் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். இரண்டு நாள் கழித்து வந்தான்.

அக்டோபரில் சீட்டு படித்த பிறகு மறுபடி போனேன், இந்த முறை அப்பாவைப் பார்க்க. அவர் சொன்னது: "நான் என்ன சாராயமா குடிக்கறேனுங்க டீச்சர்? பதினாலு வயசுல தறிக்கு வந்தேன், அப்பருந்து இதான். தூக்கத்துல நாடாவுல கை வெச்சா கை போயிடுமுங்க." நாடா என்பது தறியில் குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. எதிர்த்துப் பேசவில்லை. அவரை விடச் சொல்லவும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன்: பையனைக் கடைக்கு அனுப்ப வேண்டாம், சரக்கை வீட்டுக்குக் கொண்டுவராமல் குடோனிலேயே வைத்துவிடுங்கள். வெகுநேரம் யோசித்து, "அது செய்யலாமுங்க" என்றார். பள்ளியில் கை நீட்டியதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவராகவே, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அடிச்சிருக்கக் கூடாதுங்க" என்றார்.

அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் பையனின் உதட்டைப் பார்த்து, நிறுத்தினால் சில வாரத்தில் தோல் சரியாகும், சரியாகவில்லை என்றால் கட்டாயம் திரும்ப வர வேண்டும் என்றார். விட்ட முதல் சில நாட்கள்தான் கடினம் என்பதால், இரண்டு வாரம் அவன் எரிந்து விழுந்தாலும் தூங்கினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாள் கணக்கு நோட்டைக் கிழித்தான். வாயில் எதையாவது ஒதுக்கும் பழக்கத்துக்கு அவன் அம்மா நெல்லி வற்றல் கொடுத்தனுப்பினார். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356ஐத் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினான், நாங்கள் வெளியே நின்றோம்.

பள்ளி விட்டதிலிருந்து அப்பா, அம்மா ஷிஃப்ட் மாறும் ஆறு மணி வரைக்கும் இருக்கும் இடைவெளிக்கு, கோ-கோவும் சுண்டலும் ஏற்பாடு செய்தோம். சுண்டலுக்கு ஆசிரியர்கள் காசு போட்டோம். "வெச்சா பசிக்காது" என்று எழுதிய சீட்டுக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் அது ஒன்றுதான்.

விளைவு

தீபாவளி விடுமுறையில் பையன் மறுபடி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை தானாக வந்து சொன்னான். என் கணக்கில் இந்த ஆய்வில் கிடைத்த பெரிய பலன் அதுதான், ஜூலையில் அவன் சொல்லியிருக்க மாட்டான். ஜனவரியில் உதட்டில் வெள்ளை இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் சாம்பார் சாதத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

மார்ச்சில் அதே சீட்டு, அதே பென்சில். எப்போதாவது வைத்தவர்கள் 10, போன மாதம் வைத்தவர்கள் 2. எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஐந்துக்குள் எழுதியிருந்தார்கள். இது ஒரே ஒரு வகுப்பு, ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை, பயந்து மறைத்தவர்களும் இருக்கலாம். அதனால் இதை நிரூபணமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பஞ்சர் பசை வைத்திருந்த இருவரில் ஒருவன் கோ-கோ அணிக்கு வந்தான், இப்போது நன்றாக இருக்கிறான். இன்னொருவன் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். மூன்று முறை வீட்டுக்குப் போனோம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொன்னோம், குடும்பம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டது. அவனை மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று செப்டம்பரிலேயே பேசினோம், புகையிலை வேலையில் மூழ்கி நவம்பர் வரை தள்ளிப்போட்டோம். பசை மோந்து பார்ப்பது உடனே ஆளைக் கொல்லக்கூடியது. அந்த இரண்டு மாதத் தாமதம் எங்கள் தவறு.

மறுபடி செய்வதானால்

ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பிப்போம். மைத்ரி தொடங்கியபோதே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைவிட 2 முதல் 4 மடங்கு அதிகமாகப் புகையிலை பயன்படுத்தியது தெரியவந்திருக்கிறது, நாங்கள் ஆறாம் வகுப்பை இன்னும் கேட்டே பார்க்கவில்லை. சீட்டு முதலில், கூட்டம் கடைசியில், அதுவும் பொருட்களின் பட்டியல் இல்லாமல். பெண்களுக்குத் தனியாக, மாதவிடாய் வலிக்கு என்ன செய்வது என்ற பாடத்தோடு சேர்த்து. தறி உரிமையாளர்களிடம் நாங்கள் பேசவே இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டீயும் கால் மணி நேர ஓய்வும் கொடுக்க முடியுமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். இந்த வருடம் மேலாண்மைக் குழுத் தலைவி கேட்கப் போகிறார். முதல் குடோன் அவர் வேலை செய்கிற இடம்தான்.